எம்ஜிபி-யில் வெபர்: ஒரு கார்புரேட்டரோடு சேர்ந்து மாறுகிற விஷயங்கள்

1975க்குப் பிறகு வெளிவந்த எம்ஜிபி கார் ஒன்றை அமெரிக்காவில் யார் வாங்கினாலும், வண்டி வீட்டுக்கு வந்த சில வாரங்களிலேயே ஒரு யோசனை காதில் விழும்: "அந்த ஒரிஜினல் கார்புரேட்டரைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு ஒரு வெபர் மாட்டுங்கள், எல்லாம் சரியாகிவிடும்." பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுப்பது கார்புரேட்டர், அதில் வெபர் என்பது ஓர் இத்தாலிய மேக். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, சிக்னலில் நின்றால் அணைந்துபோகிறது, ஏற்றத்தில் முக்குகிறது, பெட்ரோல் வாடை வருகிறது என்று எந்தப் புகாரைச் சொன்னாலும் இதே மருந்துதான். புது கார்புரேட்டர், மேனிஃபோல்டு (கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் வார்ப்புக் குழாய்), கேஸ்கெட், லிங்கேஜ் எல்லாம் ஒரே பெட்டியில் கிட்டாக வந்துவிடுவதால், ஒரு சனிக்கிழமையில் முடிகிற வேலை மாதிரியும் தெரியும்.

அந்த யோசனையில் உண்மை இருக்கிறது. சில வண்டிகளுக்கு வெபர்தான் நியாயமான முடிவு. ஆனால் இந்த காரில் கார்புரேட்டர் தனியாக உட்கார்ந்திருக்கவில்லை. இக்னிஷன் டைமிங் (பிளக்கில் தீப்பொறி விழும் நேரம்), கிராங்க்கேஸ் எனும் இன்ஜின் அடிவயிற்றின் காற்றோட்டம், பெட்ரோல் டேங்க் மூச்சு விடும் வழி, பிரேக் மிதிக்க உதவும் சர்வோ என்று நான்கைந்து அமைப்புகள் அதிலிருந்தோ, அது உட்கார்ந்திருக்கும் மேனிஃபோல்டிலிருந்தோ தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கின்றன. கழற்றும் அன்று இவை எல்லாமே அறுபடுகின்றன. திரும்ப எதை எங்கே சேர்ப்பது என்று தெரிந்துகொண்டு கழற்றுபவருக்கு வெபர் நன்றாக ஓடும். தெரியாமல் கழற்றுபவர் ஒரு கோளாறைக் கொடுத்து நான்கு கோளாறுகளை வாங்கிக்கொள்கிறார்.

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். எம்ஜிபி இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான ஸ்போர்ட்ஸ் கார். 5 லட்சத்துக்கும் மேல் தயாரித்தார்கள். பெரும்பகுதி கப்பலேறி அமெரிக்கா போனது. இன்ஜின் பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ், 1798 சிசி. நம்மூர் அம்பாசடரில் ஓடிய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் இதே குடும்பம்தான். அம்பாசடர் ஹெட்டை இறக்கிப் பார்த்த மெக்கானிக்குக்கு எம்ஜிபி பானெட்டைத் திறந்தால் பழகிய முகமாகத்தான் தெரியும்.

ஆரம்ப ஆண்டுகளில் இந்த இன்ஜினுக்கு இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்கள். அமெரிக்காவில் 1970ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அதன் பிறகு புகைக்கான வரம்பு ஆண்டுக்கு ஆண்டு இறுகிக்கொண்டே போனது. 1975 மாடலிலிருந்து அமெரிக்காவுக்குப் போன எம்ஜிபி-களில் இரட்டை எஸ்யூ போய், ஒற்றை ஜெனித்-ஸ்ட்ரோம்பர்க் 175 வந்தது. காற்று உள்ளே வரும் மேனிஃபோல்டையும் புகை வெளியேறும் மேனிஃபோல்டையும் ஒரே வார்ப்பாகச் செய்தார்கள். கையால் இழுக்கும் சோக் போய், ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டில் தானே விலகும் ஆட்டோமேட்டிக் சோக் வந்தது. பிந்தைய மாடல்களில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் சேர்ந்துகொண்டது. 95 குதிரைத்திறன் என்று விளம்பரம் செய்யப்பட்ட இன்ஜின் சுமார் 62க்கு இறங்கியது. இடையில் குதிரைத்திறனை அளக்கும் முறையே மாறியது, கம்ப்ரஷனும் குறைக்கப்பட்டது. அதனால் அந்த வித்தியாசம் முழுவதையும் கார்புரேட்டர் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனால் ஓட்டுபவர் பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படுவது கார்புரேட்டர்தான், பழியும் அதன் மேல்தான் விழுகிறது.

எஸ்யூ எப்படி வேலை செய்கிறது?

எஸ்யூ என்ற பெயர் ஸ்கின்னர் சகோதரர்களின் நிறுவனத்திலிருந்து வந்தது. ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் 1905ல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். குடும்பத் தொழில் செருப்புக் கடை. முதல் எஸ்யூ-க்களில் காற்றின் இழுப்புக்கு அசைந்து கொடுத்தது தோலால் தைத்த துருத்தி. பின்னாளில் துருத்தி போய் உலோக பிஸ்டன் வந்தது. அடிப்படை யோசனை மட்டும் மாறவே இல்லை.

அந்த யோசனை அழகானது. காற்று போகும் குழாயின் நடுவே ஒரு பிஸ்டன் மேலிருந்து தொங்குகிறது. இன்ஜின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ, கொதிக்கும் பானையின் மூடி ஆவிக்கு எழும்புவது போல, பிஸ்டன் அவ்வளவு உயர்ந்து வழிவிடுகிறது. அதனால் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டுக்கு மேலே காற்றின் வேகம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது. பிஸ்டனின் அடியில் ஒரு நீடில். மேலே தடிமனாக, கீழே போகப்போக மெலிந்து, ஜெட்டின் ஓட்டைக்குள் இறங்கி நிற்கும். பிஸ்டன் உயர்ந்தால் நீடிலும் உயரும், ஓட்டையில் இடைவெளி கூடும், அதற்கேற்ப பெட்ரோல் கூடும். எம்ஜிபி-யின் எஸ்யூ-வில் ஜெட் ஓட்டையின் அளவு 0.090 அங்குலம். நீடிலின் உடம்பில் ஒவ்வொரு எட்டில் ஒரு பங்கு அங்குலத்துக்கும் தடிமன் இவ்வளவு என்று குறித்து வைத்திருக்கிறார்கள். அந்த இன்ஜின், அந்த கேம்ஷாஃப்ட், அந்த ஏர் ஃபில்டர், அந்த சைலன்சர் எல்லாவற்றையும் வைத்துப் பரிசோதித்துத் தேர்ந்தெடுத்த எண்கள் அவை. இன்ஜினைப் பற்றித் தொழிற்சாலை தெரிந்துகொண்டதெல்லாம் அந்த மெல்லிய ஊசியில்தான் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

ஸ்ட்ரோம்பர்க்கும் இதே கொள்கைதான். எஸ்யூ-வில் பிஸ்டன் தன் கூட்டுக்குள் நூலிழை இடைவெளியில் ஏறி இறங்கும். ஸ்ட்ரோம்பர்க்கில் அந்த வேலையை ஒரு ரப்பர் டயாஃப்ரம் செய்கிறது. இந்த டயாஃப்ரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வெபர் வேறு வழியில் யோசித்தது. எடோர்டோ வெபர் 1923ல் இத்தாலியின் போலோன்யாவில் நிறுவனம் தொடங்கியபோது செய்து விற்றதே ஃபியட் கார்களுக்கு வெளியிலிருந்து மாட்டும் மாற்று கிட்டுகள்தான். எம்ஜிபி-க்கு அதிகமாக மாட்டப்படுவது வெபர் 32/36 டிஜிவி. ஃபோர்டு தன் கார்கள் பலவற்றில் தொழிற்சாலையிலேயே பொருத்திய மாடல். எலக்ட்ரிக் சோக் வைத்த இதன் இன்னொரு வடிவத்துக்கு டிஜிஈவி என்று பெயர். இதில் இரண்டு குழல்கள். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் 32 மில்லிமீட்டர் குழல் மட்டும் திறக்கும். மேலும் மிதித்தால் 36 மில்லிமீட்டர் குழலும் சேர்ந்துகொள்ளும். காற்றுவழியின் அகலம் இங்கே மாறாது. அதனால் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி ஏற்பாடு. ஐடிலுக்கு (வண்டி நின்றபடி இன்ஜின் மெதுவாக ஓடும் நிலைக்கு) ஒரு ஜெட், ஐடிலிலிருந்து வேகம் பிடிக்கும் இடைவெளிக்குச் சிறு துளைகள், ஓட்டத்துக்கு மெயின் ஜெட், காற்றைக் கலந்து நுரையாக்க ஏர் ஜெட்டும் எமல்ஷன் டியூபும், சட்டென்று மிதித்தால் பெட்ரோலைப் பீய்ச்ச ஒரு சின்ன பம்ப்.

ஜெட்டில் அடித்திருக்கும் எண்தான் ஓட்டையின் அளவு. 140 என்றால் 1.40 மில்லிமீட்டர், 55 என்றால் 0.55 மில்லிமீட்டர். ஒவ்வொன்றையும் தனியாக மாற்றலாம் என்பது வெபரின் பெரிய பலம். மாற்றியே ஆக வேண்டியிருக்கும் என்பது அதன் மறுபக்கம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிடலாம். வெபர் என்றாலே பவர் கூடும் என்று நினைக்கிறார்கள். டிஜிவி-யின் 32, 36 என்பவை குழலின் கீழ்ப்பக்க அளவு. காற்று இறுகிப்போகும் குறுகிய இடம் 26, 27 மில்லிமீட்டர்தான். பழைய எம்ஜிபி-யின் இரண்டு எஸ்யூ-க்களோ ஒவ்வொன்றும் 38 மில்லிமீட்டர். பரப்பளவைக் கணக்குப் போட்டால் டிஜிவி அதில் கிட்டத்தட்டப் பாதி. ஆகவே நன்றாக இருக்கும் இரட்டை எஸ்யூ-வைக் கழற்றி டிஜிவி மாட்டினால் உச்ச வேகத்தில் எதுவும் கூடப்போவதில்லை, குறையத்தான் வாய்ப்பு. ஒற்றை ஸ்ட்ரோம்பர்க் உள்ள பிந்தைய வண்டியில் வித்தியாசம் தெரியும். அதிலும் ஒரு பங்கு, அந்த ஒட்டு வார்ப்பு மேனிஃபோல்டு போய் புகை தடையில்லாமல் வெளியேற வழி கிடைத்ததால் வந்தது.

நான்கு சிலிண்டருக்கு இரண்டு வாசல்

பி-சீரிஸ் ஹெட்டில் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்துக் காற்று நுழைய இரண்டே துவாரங்கள். ஒன்றும் இரண்டும் ஒரு துவாரத்தைப் பங்குபோடுகின்றன, மூன்றும் நான்கும் இன்னொன்றை. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-3-4-2. இதைச் சேர்த்துவைத்துப் பாருங்கள்: முதல் துவாரத்தில் இரண்டாவது சிலிண்டர் இழுக்கிறது, அடுத்த அரைச் சுற்றில் உடனே முதல் சிலிண்டர் இழுக்கிறது, அப்புறம் நீண்ட நேரம் அந்தத் துவாரத்தில் சத்தமே இல்லை. மற்றதிலும் மூன்று, நான்கு என்று அதே கதை. இழுப்பு சீராக வருவதில்லை, இரட்டை இரட்டையாக வருகிறது. ஒரே துவாரத்தில் அடுத்தடுத்து இழுக்கும் இரண்டு சிலிண்டர்களுக்கும் ஒரே கலவை போய்ச் சேரும் என்று நம்பிவிட முடியாது.

இரட்டை எஸ்யூ அமைப்பில் ஒவ்வொரு துவாரத்துக்கும் எதிரிலேயே ஒரு கார்புரேட்டர். தூரம் குறைவு, பாதை நேர். டிஜிவி-யோ மேலிருந்து கீழே ஊதும் வகை. கலவை கீழே இறங்கி, செங்கோணத்தில் திரும்பி, இரண்டாகப் பிரிந்து போக வேண்டும். குளிர்ந்த மேனிஃபோல்டில் அந்தத் திருப்பத்தில் பெட்ரோல் சுவரில் ஒட்டித் துளியாகிறது. ஒரிஜினல் ஒட்டு வார்ப்பில் புகையின் சூடு உள்ளே வரும் கலவைக்கும் கிடைத்தது. சூடாக்கும் ஏற்பாடு இல்லாத மாற்று மேனிஃபோல்டில் அது கிடையாது. "வெபர் மாட்டியதிலிருந்து காலையில் முதல் சில கிலோமீட்டர் தடுமாறுகிறது" என்பவர்களில் பலர் உடனே ஜெட்டைச் சந்தேகிக்கிறார்கள். வண்டி சூடானதும் ஒழுங்காக ஓடுகிறது என்றால் மேனிஃபோல்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கழற்றிய குழாய்கள்

புதிதாக வெபர் மாட்டிய எம்ஜிபி-யின் பானெட்டைத் திறந்தால், வாய் அடைக்கப்பட்ட ரப்பர் குழாய்கள் இரண்டு மூன்று பெரும்பாலும் தென்படும். ஒன்றில் போல்ட்டைச் செருகியிருப்பார்கள், இன்னொன்றை மடித்துக் கிளிப் போட்டிருப்பார்கள். கோளாறுகளின் ஊற்றுக்கண் அங்கேதான்.

முதலாவது கிராங்க்கேஸ் குழாய். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி இன்ஜினின் அடிவயிற்றில் இறங்கும் வாயு வெளியேற வேண்டும். 1964 முதல் சில ஆண்டுகள் எம்ஜிபி-யில் இதற்கு மேனிஃபோல்டின் மேல் தனி வால்வு இருந்தது. 1960களின் கடைசியிலிருந்து அந்த வேலையைக் கார்புரேட்டரிடமே ஒப்படைத்தார்கள். முன்பக்க டாப்பெட் கவரிலிருந்து ஒரு குழாய் வந்து கார்புரேட்டர் உடம்பில் சேரும். கார்புரேட்டரின் பிஸ்டனுக்கும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் திராட்டில் தட்டுக்கும் நடுவில் எப்போதும் நிற்கும் மிதமான இழுப்பு அந்த வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். டிஜிவி-யில் இதற்கு இணையான இடம் கிடையாது. ஆகவே குழாயின் வாயில் ஒரு குட்டி ஃபில்டரை மாட்டித் தொங்கவிடுகிறார்கள். வாயு வெளியே போகிறது, ஆனால் இழுப்பு இல்லை. கிராங்க்கேஸுக்குள் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, ஆயில் சீல்களின் வழியே எண்ணெய் கசிகிறது. கராஜ் தரையில் எண்ணெய்ச் சொட்டைப் பார்த்தவர் சீல் மாற்ற இன்ஜினை இறக்கக் கிளம்புகிறார். முறையான வழி, மேனிஃபோல்டில் ஓர் இணைப்பு எடுத்து, அந்த வாயுவை அளவாக உள்ளே விடும் பிசிவி வால்வு பொருத்துவது. சின்ன வேலைதான்.

இரண்டாவது, டேங்கின் மூச்சுக்குழாய். பிந்தைய எம்ஜிபி-யில் பெட்ரோல் மூடியில் காற்றுத் துளை கிடையாது. டேங்கிலிருந்து ஒரு குழாய் முன்னால் வந்து இன்ஜின் பக்கம் இருக்கும் கரி டப்பாவில் சேரும். பெட்ரோல் ஆவி வெளியே போகாமல் கரியில் தங்கி, இன்ஜின் ஓடும்போது எரிந்துவிடும். பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று வருவதும் இதே வழியில்தான். "இது வெறும் புகைச் சட்டத்துக்காக வைத்தது" என்று டப்பாவைக் கழற்றிக் குழாயை அடைத்துவிட்டால் என்ன ஆகும்? அரைமணி நேரம் வண்டி நன்றாக ஓடும். பிறகு மூச்சு வாங்கும், நின்றுபோகும். பின்னால் இருக்கும் பம்ப் டக்டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும், பெட்ரோல் வராது. மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று உள்ளே பாயும், வண்டி உடனே கிளம்பிவிடும். இந்த உஸ்ஸைக் கேட்காதவர்கள் பம்பை மாற்றுகிறார்கள், ஃபில்டரை மாற்றுகிறார்கள், கடைசியில் புது வெபரையே குறை சொல்கிறார்கள்.

மூன்றாவது, பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் குழாய். என்னைக் கேட்டால் மிக அதிகமாகத் தப்பாக மாட்டப்படுவது இதுதான். இந்தக் குழாய் இழுத்தால் டைமிங் முன்னால் போகும், அதைத்தான் அட்வான்ஸ் என்கிறார்கள். சில ஆண்டு மாடல்களில் இது கார்புரேட்டரில் திராட்டில் தட்டுக்குச் சற்று மேலே உள்ள துளையிலிருந்து வருகிறது. ஐடிலில் அங்கே இழுப்பு இருக்காது. அமெரிக்காவுக்குப் போன பிந்தைய மாடல்களில் இது மேனிஃபோல்டிலிருந்து வருகிறது. ஐடிலில்தான் அங்கே இழுப்பு அதிகம். டிஜிவி-யில் தயாராக ஒரு குழாய் முனை இருக்கிறது, அது முதல் வகை. மேனிஃபோல்டு இழுப்புக்கென்று செய்த டிஸ்ட்ரிபியூட்டரை அந்த முனையில் சேர்த்தால், ஐடிலில் கிடைத்துக்கொண்டிருந்த அட்வான்ஸ் மொத்தமும் போய்விடும். இன்ஜின் வேகம் இறங்கும். மாட்டியவர் ஐடில் ஸ்குருவைத் திருகி வேகத்தை ஏற்றுவார். அப்போது திராட்டில் தட்டு கூடுதலாகத் திறந்து, வேகம் பிடிப்பதற்கென்று இருந்த சிறு துளைகள் ஐடிலிலேயே வெளிப்பட்டுவிடும். பெட்ரோல் அந்தத் துளைகள் வழியாக வருவதால், ஐடில் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்குருவை எந்தப் பக்கம் திருப்பினாலும் இன்ஜின் கண்டுகொள்ளாது. ஆக்சிலரேட்டரைத் தொட்டால் ஒரு குழியில் விழுந்து எழுவது போல் தடுமாறும். "இந்த வெபர் டியூன் ஆகவே மாட்டேன் என்கிறது" என்று அவர் சொல்லும்போது, கோளாறு டியூனிங்கில் இல்லை, ஒரு ரப்பர் குழாயின் மறுமுனையில் இருக்கிறது.

பிரேக் சர்வோவுக்கும் மேனிஃபோல்டில் முனை வேண்டும். அது இல்லாத மேனிஃபோல்டை விலைக்கு மயங்கி வாங்கக் கூடாது. ஆக்சிலரேட்டர் கேபிளுக்குத் திரும்பி வரும் ஸ்பிரிங் சரியாக இருக்கிறதா என்பதையும் இதோடு பார்த்துவிட வேண்டும். மிதித்த இடத்திலேயே சிக்கிக்கொள்ளும் திராட்டில் உயிருக்கே ஆபத்து.

பெட்ரோல் அழுத்தம் இன்னொன்று. எம்ஜிபி-யின் ஒரிஜினல் எஸ்யூ எலக்ட்ரிக் பம்ப் தருவது சுமார் 3 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம். டிஜிவி-க்கும் அந்த அளவுதான் பிடிக்கும், 3.5க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. யாராவது முன்பே பம்பை மாற்றி, 5, 6 பிஎஸ்ஐ தரும் பொதுவான பம்பை மாட்டியிருந்தால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட்டின் ஊசி வால்வு தாங்காது. பெட்ரோல் பொங்கி வழியும், அதுவும் சூடான புகை மேனிஃபோல்டுக்கு நேர் மேலே. எக்ஸ்ட்ரா செலவென்று பார்க்காமல் ஒரு ரெகுலேட்டரும் மீட்டரும் வைத்துவிட வேண்டும். அமெரிக்காவில் இன்று பங்கில் கிடைப்பது பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பர் குழாய்களைத் தின்னும். கார்புரேட்டரைத் தொடும் அன்றே பெட்ரோல் குழாய்களை எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

பெட்டியிலிருந்து எடுத்தபடியே

கிட்டில் வரும் டிஜிவி-யின் ஜெட்கள் பொதுவான அளவில் இருக்கும். பல வகை 4 சிலிண்டர் இன்ஜின்களுக்கும் ஒரே கார்புரேட்டரை விற்பதால் வேறு வழியில்லை. சில வண்டிகளில் அப்படியே சுமாராக ஓடிவிடும். சுமாராக ஓடுவதுதான் சிக்கல். அதற்கு மேல் யாரும் தொடுவதில்லை.

தொடக்கம் எப்படி என்பதற்கு வெபர் பழகியவர்களிடம் ஒரு நல்ல முறை உண்டு. இன்ஜின் நன்றாகச் சூடாக வேண்டும், சோக் முழுக்க விலகியிருக்க வேண்டும். ஐடில் ஸ்குருவை முழுக்கத் தளர்த்தி, லிவரைத் தொடும் இடத்திலிருந்து உள்ளே திருக வேண்டும். ஒன்றரைச் சுற்றுக்கு மேல் போகக் கூடாது. மிக்சர் ஸ்குருவை மெதுவாக அடிவரை மூடி, இரண்டு சுற்று வெளியே எடுக்க வேண்டும். ஸ்டார்ட் செய்து, மிக்சர் ஸ்குருவை உள்ளே திருகிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் இன்ஜின் துவளும். அங்கிருந்து வெளியே எடுத்தால் சீராகும். அந்தச் சீரான இடம் ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் இடைப்பட்ட சுற்றில் இருந்தால் ஐடில் ஜெட் சரியான அளவு. அதைவிட அதிகம் வெளியே எடுத்தால்தான் ஓடுகிறது என்றால் ஜெட் சின்னது. கிட்டத்தட்ட மூடினாலும் ஓடுகிறது என்றால் ஜெட் பெரியது. எந்தக் கருவியும் இல்லாமல் ஒரு ஸ்குரு டிரைவரும் காதும் சொல்லிவிடும் விஷயம் இது. ஓட்டத்தில் மெயின் ஜெட்டைச் சரிபார்க்க, புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் வைத்து ஓட்டிப் பார்ப்பதுதான் இன்று நம்பகமான வழி. பிளக் நிறத்தைப் பார்த்துச் சொல்வது பழைய வழக்கம். இன்றைய பெட்ரோலில் அது முன்போல் தெளிவாகக் காட்டுவதில்லை.

கழற்றும் முன்பு

மெக்கானிக்குகளிடையே ஒரு பழைய பேச்சு உண்டு, கார்புரேட்டர் கோளாறில் பாதிக்கு மேல் கரன்ட் கோளாறு என்று. இந்த காரில் அது அப்படியே பொருந்தும். பிளக், ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, டைமிங், வால்வு இடைவெளி இவற்றை ஒழுங்காக வைக்காமல் கார்புரேட்டரைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. எம்ஜிபி-க்கு வால்வு இடைவெளி இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது 0.015 அங்குலம்.

அதன் பிறகும் கோளாறு நின்றால், ஒரிஜினலிலேயே பார்க்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன. ஸ்ட்ரோம்பர்க் வைத்த வண்டி ஐடிலில் நன்றாக நின்று, ஒரு வேகத்துக்கு மேல் ஏறவே மறுத்தால், மூடியின் திருகுகளைக் கழற்றி அந்த ரப்பர் டயாஃப்ரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குண்டூசி முனையளவு கிழிசல் போதும், பிஸ்டன் எழும்பாது. கார்புரேட்டர் கிட்டின் விலையில் சிறு பங்குகூட வராத ஒரு பாகம். கறுப்புப் புகை வந்தால் அந்தத் தண்ணீர்ச் சோக் பாதியில் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைக் கையால் இழுக்கும் சோக்காக மாற்றும் கிட்டும் கிடைக்கிறது. ஐடில் கூடிக் குறைந்தால் அந்த ஒட்டு வார்ப்பு மேனிஃபோல்டில் விரிசல் தேட வேண்டும். சூட்டில் அது வெடிப்பது தெரிந்த நோய்தான். மேனிஃபோல்டு வெடித்திருந்தால் கார்புரேட்டரை எவ்வளவு டியூன் செய்தும் பயனில்லை.

எஸ்யூ-வில் பொதுவாகத் தேய்வது திராட்டில் தட்டைத் தாங்கும் தண்டான ஸ்பிண்டில். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஸ்பிண்டிலின் இரு முனைகளிலும் கார்புரேட்டர் கிளீனரைக் கொஞ்சம் தெளித்தால், வேகம் மாறினால் அங்கே காற்று எடுக்கிறது என்று அர்த்தம். புது ஸ்பிண்டிலும் புஷ்ஷும் போட்டால் கார்புரேட்டர் பழைய ஒழுங்குக்கு வந்துவிடும். மிக்சர் சரியா என்று பார்க்க எஸ்யூ-விலேயே ஒரு சின்ன பின் வைத்திருக்கிறார்கள். அதை அழுத்திப் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக உயர்த்தினால், வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் துவண்டால் பெட்ரோல் குறைவு. லேசாக ஏறித் திரும்பினால் சரி. பிஸ்டன் தலையில் ஊற்றும் டேம்பர் எண்ணெய் வற்றிப்போயிருந்தால் மிதித்ததும் திணறும், எண்ணெய் ஊற்றியதும் அந்தத் திணறல் போய்விடும். அந்த எண்ணெயை ஊற்றாமல் வெபர் வாங்கியவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

எஸ்யூ-வுக்குப் பாகம் கிடைக்காது என்ற பேச்சிலும் உண்மை இல்லை. இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் பர்லன் நிறுவனம் எஸ்யூ பெயரிலேயே ஜெட், நீடில், ஃப்ளோட் மட்டுமல்லாமல் முழு கார்புரேட்டர்களையும் புதிதாகத் தயாரித்துக்கொண்டிருக்கிறது. அதனால் 1975க்குப் பிந்தைய வண்டியில் ஒட்டு வார்ப்பு வெடித்து, ஸ்ட்ரோம்பர்க்கும் தேய்ந்து, எப்படியும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிய நிலை வந்தால், வெபரோடு இரட்டை எஸ்யூ-வையும் ஒரு வழியாக எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய மாடலின் அலுமினிய மேனிஃபோல்டு, தனிப் புகை மேனிஃபோல்டு இவற்றோடு அது நேராகப் பொருந்தும். கிராங்க்கேஸ் குழாய்க்கு இடமும் அதிலேயே இருக்கிறது. இரண்டு கார்புரேட்டரையும் ஒன்றுக்கொன்று சமன்செய்யப் பழக வேண்டும், அவ்வளவுதான். செலவு கொஞ்சம் கூடும் என்றாலும் நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். தினமும் ஓட்ட வேண்டும், கழற்றிப் பூட்டப் பொழுதில்லை, ஒரே கார்புரேட்டர் போதும் என்பவருக்கு டிஜிவி பொருத்தம். மேலே சொன்ன குழாய்களை எல்லாம் சேர வேண்டிய இடத்தில் சேர்த்திருந்தால் அது ஆண்டுக்கணக்கில் தொல்லை தராது. வாங்கும்போது ஸ்பெயினில் தயாரான அசல் வெபரா, அதே உருவத்தில் மலிவாக வரும் நகலா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெட் எண்கள் சொன்னபடி இருந்தால்தான் டியூனிங்குக்கே அர்த்தம்.

சட்டத்தைக் கடைசியில் வைத்தாலும், சிலருக்கு அதுதான் முதல் கேள்வி. கலிபோர்னியாவில் 1975 வரையிலான மாடல்களுக்குப் புகைப் பரிசோதனையிலிருந்து விலக்கு உண்டு. 1976 முதலான எம்ஜிபி-களுக்குக் கிடையாது. அங்கே குழாயில் வரும் புகையை அளப்பதோடு நிற்காமல், பானெட்டைத் திறந்து பாகங்களையும் பார்க்கிறார்கள். மாற்றிய பாகத்துக்கு மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் இல்லையென்றால், புகை சுத்தமாக வந்தாலும் வண்டி தேறாது. ஆகவே அந்த ஆண்டு வண்டிகளில் வேலை தொடங்கும்போதே, கழற்றுகிற ஸ்ட்ரோம்பர்க், ஒட்டு வார்ப்பு, கரி டப்பா, குழாய்கள், போல்ட்டுகள் எல்லாவற்றையும் எது எங்கிருந்து வந்தது என்று சீட்டெழுதிக் கட்டி ஒரே பெட்டியில் வைத்துவிடுங்கள். பிற்பாடு வண்டியை விற்கும்போது வாங்குபவர் கலிபோர்னியாக்காரராக இருந்தால், கார்புரேட்டர் எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்பதற்கு முன்னால் அவர் அந்தப் பெட்டியைத்தான் கேட்பார்.